துணி கட்டிய கண்

ஜெலாப்பாங்,
28 ஜனவரி 2024

அன்புள்ள மங்களம் அக்காவுக்கு,

தம்பி சுகுமாரன் எழுதுகிறேன். இங்கே நான், கலாதேவி, பிள்ளை தினேஸ்வரி மூவரும் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? கோகிலன் புது எண்ணெய் வாங்கித் தந்தானா?

பொங்கலன்று நடந்ததைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். சின்ன வயசுக் காய்ச்சலில் உன் காது போனதிலிருந்து நம் இருவருக்கும் தொலைபேசி ஒத்துவரவில்லை, கடிதமே பழக்கமாகிவிட்டது. உன் மகன் புண்ணியத்தில் இந்த வருஷம்தான் போனில் முகம் பார்த்துப் பேசலாம், நீ என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாய் என்று சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். நான் “பொங்கிருச்சாக்கா?” என்றேன். நீயும் சிரித்தாய். பிறகு என் முகத்தையே உற்றுப் பார்த்தாய். சட்டென்று எழுந்து போனவள் திரும்பி வரவில்லை. கோகிலன், “அம்மா அடுப்படிக்குப் போயிருச்சு மாமா” என்றான். அப்படி என்ன அடுப்பு?

என் கண்ணைப் பார்த்துப் பயந்துவிட்டாயோ என்று நினைக்கிறேன். தீபாவளி சமயத்தில் இடது கண்ணின் கீழ் இமையில் லேசாகத் துடிக்க ஆரம்பித்தது. தூக்கம் போதவில்லை என்று விட்டுவிட்டேன். இப்போது இமை முழுவதும் தானாக மூடித் திறக்கிறது. பார்க்கிறவர்களுக்குக் கண்ணடிப்பது மாதிரி இருக்கிறதாம். கலா, “இந்த வயசுல யாருக்குலா சிக்னல் குடுக்கிறீங்க?” என்று கிண்டல் செய்கிறாள். வலி ஒன்றும் இல்லை. உனக்குத் தெரிந்த கைவைத்தியம் இருந்தால் எழுது.

மருமகளையும் பேரனையும் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
சுகுமாரன்


பாரிட் புந்தார்,
6 பிப்ரவரி 2024

தம்பி சுகுமாரனுக்கு,

அக்கா எழுதுவது. அம்மன் தயவில் இங்கே எல்லாரும் சுகம். முட்டிவலி என்னோடு பிறந்த மாதிரி கூடவே இருக்கிறது, அதை விசாரித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

போன் வெளிச்சத்தில் கண் கூசியது. அதனால்தான் எழுந்தேன். அது எனக்குச் சரிப்படாது. இனிமேல் கோகிலனிடம் கேட்காதே.

கண் துடிப்புக்கு விளக்குமாற்று ஈர்க்கில் ஒரு துரும்பு கிள்ளி, எச்சில் தொட்டு இமைமேல் ஒட்டு. படுக்கும்முன் விளக்கெண்ணெய் வை. கோப்பியைக் குறை. ஆண்களுக்கு இடது கண் துடித்தால் ஆகாது என்று யாராவது வந்து சொல்வார்கள், காதில் வாங்காதே.

கலா சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று நீயும் கொஞ்சம் கவனி.

அக்கா,
மங்களம்


ஜெலாப்பாங்,
25 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். உங்கள் பக்கம் அறுவடை தொடங்கியிருக்கும், தூசியில் வெளியே போகாதே, உனக்கு இருமல் வரும்.

துரும்பு வைத்தியம் செய்தேன். வைத்ததை மறந்துபோய் அப்படியே வேலைக்குப் போய்விட்டேன். கையுறைத் தொழிற்சாலையில் நான் லைன் லீடர், என் லைனில் பெட்டி கட்டுகிறவர்கள் எல்லாம் நேப்பாளத்துப் பெண்கள். அவர்களுக்குத் துரும்பு என்ன தெரியும்? வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு எடுத்துப் போட்டேன். துடிப்பு நிற்கவில்லை.

கிளினிக்குக்குப் போனேன். தூக்கம், கோப்பி, கவலை என்று டாக்டர் மூன்றையும் சொன்னார். கவலை ஒன்றுதான் இருக்கிறது என்றேன். பிள்ளைக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது அக்கா. பையனுக்கு ஊர் சித்தியவான், பெயர் யுகேந்திரன், மின்சார வேலை. மே மாதக் கடைசியில் நிச்சயம். நம் அம்மா இல்லாத வீட்டில் நீதான் நிச்சயத் தட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். முன்னாடியே வந்துவிடு.

போனில் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். சரி. ஆனால் வெளிச்சத்தில் கண் கூசியது என்பதை நான் நம்பவில்லை.

தம்பி,
சுகுமாரன்


பாரிட் புந்தார்,
20 மார்ச் 2024

தம்பிக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

பிள்ளைக்கு முடிவானதைக் கேட்டு மனசு நிறைந்துவிட்டது. சேலை எடுத்து வைத்திருக்கிறேன், மாம்பழக் கலர். கோகிலனிடம் கொடுத்து அனுப்புகிறேன். என்னால் இந்த முட்டியோடு வர முடியாது. தட்டைக் கலாவின் அக்காவே எடுத்துக் கொடுக்கட்டும். இதைப் பெரிதாக்காதே.

ஒன்று கேட்க வேண்டும். இடது கண் துடிக்கும்போது வலது கண் சும்மா இருக்கிறதா, அதுவும் சேர்ந்து சிமிட்டுகிறதா? இமை மூடும்போது அதே பக்கம் உதட்டோரமும் மேலே இழுக்கிறதா? இதற்கு மட்டும் பதில் எழுது.

அக்கா,
மங்களம்


ஜெலாப்பாங்,
27 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்கக்கூட எனக்குக் கோபம் வருகிறது, ஆனாலும் கேட்கிறேன்.

நீ வரவில்லை. கோகிலன் சேலையோடு வந்து நின்றபோது கலா அழுதுவிட்டாள். என்ன செய்தோம் உனக்கு? முட்டிவலியோடு போன வருஷம் மாசி மகத்துக்குப் பினாங்கு வரைக்கும் போனவள்தானே நீ?

நீ கேட்டதற்குப் பதில். வலது கண் சும்மாதான் இருக்கிறது. உதட்டோரம் இழுக்கிறது, அது ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. இதே கேள்வியை டாக்டரும் போன வாரம் கேட்டார். முகத்து நரம்பில் கோளாறு, பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன், ஊசி போட்டால் நிற்கும் என்றார். படித்த டாக்டர் கேட்டதை நீ இரண்டு மாதம் முன்னால் எப்படிக் கேட்டாய்?

நிச்சயத்தன்று ஒரு கூத்து. சம்பந்தியம்மாவுக்கு வெற்றிலை கொடுக்கும்போது சரியாகக் கண் மூடித் திறந்தது. அந்த அம்மா முகம் சிவந்துவிட்டது. கலா ஓடி வந்து, “அவருக்கு நரம்பு வியாதிம்மா, எல்லாரையும் அப்படித்தான் பார்ப்பாரு” என்றாள். சபையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றபோதுதான் எனக்குப் பத்துமலை அண்ணன் நினைவு வந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கும். அஞ்சாங்கட்டை ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளில் நம் லயத்துக்குப் பின் லயம், சைக்கிளில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவார். அவருக்கும் இடது கண்தான் துடிக்கும். மண்டோர் மகளை, உன்னைத்தான், பார்த்துக் கண்ணடித்தான் என்று தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோரான நம் அப்பா கோயிலில் பஞ்சாயத்து வைத்தார். நான் அப்போது நாலாம் வகுப்பு, மாரியம்மன் கோயில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். “இது வியாதிங்க, நான் ஒண்ணும் செய்யல” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். கோயில் தலைவர் பிச்சைமுத்து, “வியாதின்னா மறச்சிக்கிட்டு நட. லயத்துப் பக்கம் வந்தா கண்ணுல துணி கட்டிக்கிட்டுதான் வரணும்” என்று தீர்ப்புச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு சைக்கிளில் போவதை நான் பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில், ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்த ஈயக்குட்டையில் விழுந்து செத்துப்போனார்.

பாவம் அக்கா. நிரபராதி. ஒரு வியாதியைக் குற்றம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு வந்த பிறகுதான் அது புரிகிறது. உன் பெயரையும் சேர்த்தல்லவா இழுத்தார்கள்? நீ அதை எப்படித் தாங்கினாய்?

தம்பி,
சுகுமாரன்


பாரிட் புந்தார்,
3 ஜூலை 2024

தம்பிக்கு,

இங்கே சுகம். பேரனுக்கு நீர்க்கொப்புளம் போட்டிருந்தது, தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. அதனால்தான் பதில் தாமதம்.

பெரியாஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள்? ஊசி என்றால் கண்ணிலேயா குத்துவார்கள்? விளக்கெண்ணெயை நிறுத்தாதே. தயிர் சேர்த்துக்கொள். பிள்ளையின் நிச்சயப் படங்களைக் கோகிலன் போனில் காட்டினான். சேலை அவளுக்கு எடுப்பாக இருந்தது. நீ நின்ற படங்களை அவன் வேகமாகத் தள்ளிவிட்டான், நான்தான் தள்ளச் சொன்னேன்.

வேறு விசேஷம் இல்லை.

மங்களம்


ஜெலாப்பாங்,
21 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம், என்னைத் தவிர. நான் ஒரு பக்கம் கேட்டால் நீ தயிர் சாப்பிடச் சொல்கிறாய். பத்துமலை அண்ணனைப் பற்றி ஒரு வரி எழுதினால் பேனா தேய்ந்துவிடுமா? என் படத்தைக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறாய். என்னைப் பார்த்தால் உனக்கு அந்தப் பழைய அவமானம் ஞாபகம் வருகிறது, அதுதானே? எழுதிவிடேன். நான் தாங்கிக்கொள்வேன்.

இங்கே எனக்கே அவமானம்தான். லைனுக்குப் புதிதாக வந்த ஒரு பெண், நான் அவளைப் பார்த்துக் கண்ணடிக்கிறேன் என்று ஆபீசில் புகார் கொடுத்துவிட்டாள். சின்னப் பெண், தினேஸ்வரியைவிடச் சிறியவள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை, பயந்திருக்கிறாள். ஆபீசில் ஷர்மினி என்று நம் பிள்ளை ஒருத்தி. “எனக்குத் தெரியும் அங்கிள், நீங்க அப்படி இல்ல. ஆனா ரிப்போட் வந்திருச்சி. பெரியாஸ்பத்திரி லெட்டர் வர்ற வரைக்கும் சும்மா ஒரு பிளாஸ்டர் போட்டு மூடிக்கலாமேலா, எல்லாருக்கும் நிம்மதி” என்றாள். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது, பிள்ளை கல்யாணம் வேறு முன்னால் நிற்கிறது. இப்போது பெயர் கெட்டால் சம்பந்தி வீட்டுக்கு என்ன பதில் சொல்வது? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதனால் என் கண்ணை மூடிக்கொண்டேன்.

பஞ்சை வைத்துப் பிளாஸ்டர் ஒட்டினால் பாதி முகம் மறைந்துவிடுகிறது. கழற்றி ஒட்டினால் தோல் உரிகிறது என்பதால் வீட்டுக்குப் போகும் வரை எடுப்பதில்லை. மோட்டாரும் அப்படியேதான் ஓட்டுகிறேன். தொழிற்சாலைக்குப் பின்னால் பழைய ஈயக்குட்டையை ஒட்டி ஒரு குறுக்குப் பாதை இருக்கிறது, அதில் போனால் சிக்னல் இல்லை. குட்டை இடது பக்கம். ஒற்றைக் கண்ணில் தூரம் சரியாகத் தெரிவதில்லை. வியாழக்கிழமை சக்கரம் மணலில் இறங்கி, காலை ஊன்றி நிறுத்தினேன்.

இதைக் கலாவிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். சாயங்காலம் அந்தப் பாதையில் போகும்போது மூடின பக்கத்தில் சைக்கிள் மணி கேட்கிறது. என் கூடவே யாரோ மிதித்து வருகிற மாதிரி. திரும்பிப் பார்த்தால் தண்ணீர்தான். ஒரு நாள் என்றால் பரவாயில்லை, தினமும் கேட்கிறது. பத்துமலை அண்ணன் மாதிரியே ஆகிவிட்டேன் பார், துணிக்குப் பதில் பிளாஸ்டர்.

தம்பி,
சுகுமாரன்


பாரிட் புந்தார்,
26 ஜூலை 2024

சுகுமாரா,

சுகம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை. உன் கடிதத்தைப் படித்ததும் கோகிலனை விட்டு உனக்குப் போன் போடச் சொன்னேன். நீ பிளாஸ்டரை எடுத்துவிட்டேன் என்று சொன்னாயாம். சும்மா சொல்கிறாயோ என்று எனக்குச் சந்தேகம். கழற்று. வேலை போனால் போகட்டும். கண்ணை மூடிக்கொண்டு இனி அந்தப் பாதையில் நீ போகக் கூடாது. போனால் என்னை அக்கா என்று கூப்பிடாதே.

அவர் விழுந்ததும் அப்படித்தான். நீ சின்னப் பையன், உனக்கு ஈயக்குட்டையில் விழுந்தார் என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். தோட்டத்துப் பாதையிலும் குட்டை இடது பக்கம்தான். துணி கட்டியிருந்ததும் இடது கண்தான். மழையில் கரை கரைந்திருந்தது அவருக்குத் தெரியவில்லை. சைக்கிளோடு தூக்கினபோதும் முகத்தில் அந்தத் துணி இருந்ததாம். லயத்துப் பெண்கள் பேசிக்கொண்டதை நான் வாயசைவில் பார்த்தேன். அம்மா என்னை வெளியே விடவில்லை.

நீ அவமானம் என்று எழுதியிருக்கிறாய். தம்பி, எனக்கு ஒரு நாளும் அவமானம் இல்லை.

நீங்கள் எல்லாரும் பிற்பாடு மனசு மாறி, பத்துமலை நிரபராதி, பாவம், அவனுக்கு வியாதி என்று சொல்ல ஆரம்பித்தீர்கள். அம்மா சாகிற வரைக்கும் அதைச் சொன்னார். நீயும் இப்போது சொல்கிறாய். அப்படிச் சொல்லும்போதெல்லாம் என் வயிறு எரியும். நிரபராதி, நிரபராதி என்று சொல்லியே அவரை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள்.

அவருக்கு இடது கண்தான் வியாதி. அது மரத்தைப் பார்த்தும் துடிக்கும், மாட்டைப் பார்த்தும் துடிக்கும், துடிக்கும்போது உதட்டோரம் இழுக்கும். நான் காது கேட்காதவள், மனுஷர் முகத்தைப் படித்துத்தான் பிழைத்தேன், எனக்கு இது தெரியாதா? என்னைப் பார்த்து அவர் சிமிட்டியது வலது கண்ணால். அப்போது உதடு இழுக்காது, சிரிக்கும்.

தண்ணீர்க் குழாயடியில் நான் நிற்கும்போது பின்னால் சைக்கிள் வந்தால் எல்லாரும் மணி அடிப்பார்கள், நான் நகராவிட்டால் “செவிடி” என்று கத்துவார்கள். அவரும் முதல் தடவை மணிதான் அடித்திருப்பார். கேட்கவில்லை என்று தெரிந்ததும் இறங்கி, சுற்றி எதிரே வந்து, வலது கண்ணைச் சிமிட்டினார். நகரு என்று அர்த்தம். நான் நகர்ந்தேன். மறுநாளும் அப்படியே. பிறகு நகர வேண்டிய அவசியம் இல்லாதபோதும் சிமிட்டினார். நானும் பதிலுக்குச் சிமிட்டினேன். ஒரு வார்த்தை பேசியதில்லை, விரல் பட்டதில்லை. அதுதான் எங்களுக்குள் இருந்தது. வேறு யாரும் என்னோடு அப்படிச் சத்தமில்லாமல் பேசினதில்லை.

பஞ்சாயத்தில் அவர் என்ன சொன்னார் என்று நான் பார்த்தேன். மண்டோர் மகளை விரும்புகிறேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அப்பா என்னை உயிரோடு விட்டிருக்க மாட்டார், அது அவருக்குத் தெரியும். அதனால் எல்லாவற்றையும் அந்த இடது கண்மேல் போட்டுவிட்டார். வியாதி என்றதும் மூடு என்றார்கள். என் பெயர் கெடாமல் இருக்க அவர் கண்ணைக் கட்டிக்கொண்டார். கட்டின பிறகும் வலது கண் திறந்துதான் இருந்தது. லயத்துப் பக்கம் வரும்போதெல்லாம் அது என்னைத் தேடிச் சிமிட்டியது.

தை மாதமே என்னை இந்த ஊருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். உன் மாமா நல்ல மனுஷர், குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் பொங்கலன்று போனில் உன் முகம் வந்ததே, அது நீ இல்லை. அவர் கண் துடித்தது. வலது கண் சிமிட்டுமா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது சும்மா இருந்தது. என்னால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை. நிச்சயத்துக்கும் அதனால்தான் வரவில்லை. சபையில் அழுதுவிட்டால் என்னவென்று சொல்வேன்?

உனக்கு ஏன் அந்த மணி கேட்கிறது என்று எனக்குத் தெரியாது. பயப்படாதே, அவர் யாருக்கும் கெடுதல் நினைத்தவர் இல்லை. ஆனால் பிளாஸ்டரைக் கழற்று. கழற்றினேன் என்று எழுது. அதுவரை எனக்குச் சோறு இறங்காது.

மங்களம்


ஜெலாப்பாங்,
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கழற்றிவிட்டேன். பிள்ளைமேல் சத்தியம். நீ சந்தேகப்பட்டது சரிதான், கோகிலன் போன் செய்தபோது ஒட்டித்தான் இருந்தது. உன் கடிதம் வந்ததும் வாசலிலேயே நின்று படித்தேன், நின்ற இடத்திலேயே பிய்த்துப் போட்டேன். புருவத்தில் பாதி அதோடு போய்விட்டது. சாப்பிடு.

இப்போது பெரிய சாலையில்தான் போய்வருகிறேன், சிக்னலில் நிற்கிறேன். ஆபீசில் லீவு கேட்டிருக்கிறேன், ஷர்மினி முகத்தைச் சுளிக்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் கடிதம் கொடுத்துவிட்டார்கள். ஊசி இந்த மாதக் கடைசியில். கண்ணில் இல்லை, இமையைச் சுற்றித் தோலில்தான் போடுவார்களாம். சில நாளில் துடிப்பு அடங்கும், மாதக்கணக்கில் நிற்கும், திரும்ப வந்தால் திரும்பப் போடுவார்கள்.

இனி அவரை நிரபராதி என்று சொல்ல மாட்டேன். கலாவிடம் எதுவும் சொல்லவில்லை. உன் கடிதத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

இத்தனை காலம் தனியாக வைத்திருந்தாயே அக்கா.

தம்பி,
சுகுமாரன்


பாரிட் புந்தார்,
9 ஆகஸ்ட் 2024

தம்பிக்கு,

சாப்பிட்டேன். எல்லாரும் சுகம்.

ஊசி போட்டுக்கொள். போட்டே ஆக வேண்டும், உன் வேலையும் பிள்ளை கல்யாணமும் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் நான் ஒரு தடவை வந்து பார்த்துவிடுகிறேன். கோகிலன் அடுத்த வாரம் சனிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறான். தனியாகத்தான் வருவேன். ஸ்டேசனுக்கு வா.

கலா பெரிதாக எதுவும் சமைக்க வேண்டாம். ரசம் போதும்.

அக்கா,
மங்களம்


ஜெலாப்பாங்,
15 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நல்லபடியாக ஊர் சேர்ந்ததைக் கோகிலன் சொன்னான். இங்கே எல்லாரும் சுகம். கலா உனக்கு முருங்கைக்காய் கொடுத்துவிட மறந்துபோனேன் என்று இன்னும் புலம்புகிறாள்.

நேரில் சொல்ல வராததை எழுதிவிடுகிறேன். ஸ்டேசனில் நீ என்னைப் பார்க்கவே இல்லை. காரிலும் வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாய். தோட்டம் இருந்த இடம் இப்போது வீடமைப்புப் பகுதி, அவர் விழுந்த குட்டை மட்டும் அப்படியே இருக்கிறது, போலாமா என்று வாயசைத்துக் காட்டினேன். “அங்க என்ன இருக்கு, தண்ணிதான்” என்றாய். கேட்டதே தப்போ என்று எனக்கு ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் சன்னல் திரையை நீயே ஒதுக்கினாய். நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாய். அப்புறம்தான் பார்த்தாய். அப்படி என்னை யாரும் பார்த்ததில்லை அக்கா. கை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை எனக்கு. ஒரு தடவை துடித்தது. நீ அசையவில்லை. “இன்னொரு தடவ” என்றாய். நானா துடிக்க வைக்கிறேன்? “அது வரும்போதுதான்கா வரும்” என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுக் காத்திருந்தாய். கலா வைத்த கோப்பி ஆறிப்போனது. மறுபடி துடித்தது, உதட்டோரம் இழுத்தது. அப்போது நீ வலது கண்ணைச் சிமிட்டினாய். ஒரு சிரிப்பு சிரித்தாய். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை, பதினெட்டு வயசுப் பெண்ணின் முகம். கலா கதவருகே அப்படியே நின்றுவிட்டாள்.

“போதும். நீ ஊசி போட்டுக்க” என்று எழுந்து, ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்று சொல்லப் போய்விட்டாய்.

ஊசி போட்டாகிவிட்டது. கொஞ்ச நாள் இமை கனமாக இருந்தது, இப்போது அடங்கிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் பழைய சுகுமாரன்தான். ஆஸ்பத்திரிக் கடிதத்தை ஆபீசில் கொடுத்தேன். அந்த நேப்பாளப் பெண்ணிடம் ஷர்மினி எடுத்துச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் அவள் என் மேசையில் ஒரு ஆரஞ்சு வைத்துவிட்டுப் போனாள். பெயர் கெடவில்லை, எல்லாம் சரியாகிவிட்டது.

நேற்று சாயங்காலம் ஒன்று செய்தேன், திட்டாதே. இரண்டு கண்ணும் திறந்துதான் போனேன். அந்தக் குறுக்குப் பாதையில் மோட்டாரை நிறுத்தி, எஞ்சினையும் அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். மணி கேட்கவில்லை. வெகுநேரம் நின்றேன். கேட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு உன் நினைப்பாகவே இருந்தது. உனக்கு மிச்சம் இருந்ததையும் நான் ஊசி போட்டு நிறுத்திவிட்டேனோ அக்கா?

உன் தம்பி,
சுகுமாரன்


பாரிட் புந்தார்,
2 அக்டோபர் 2024

அன்புள்ள தம்பி சுகுமாரனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே அனைவரும் சுகம், நீங்களும் சுகம் என்று தெரிந்து சந்தோஷம். முட்டிவலி கொஞ்சம் தேவலை.

நீ எதையும் நிறுத்தவில்லை, மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. அது உன் கண். சரியாக வேண்டியது சரியாகிவிட்டது. பிள்ளையின் கல்யாணத்துக்கு நான் முன்னதாகவே வந்து தங்குகிறேன், தட்டை நானே எடுத்துக் கொடுக்கிறேன், கலாவிடம் சொல்.

போன வாரம் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இடது கண் துடித்தது. அன்றிலிருந்து விட்டுவிட்டுத் துடிக்கிறது. பெண்களுக்கு இடது கண் துடித்தால் யாரோ வருகிறார்கள் என்று மருமகள் சிரித்தாள். துரும்பு கிள்ளிக்கொண்டு வந்தாள், நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோகிலன் கிளினிக் என்கிறான். நீயும் அவனோடு சேர்ந்துகொண்டு ஊசி, டாக்டர் என்று எழுதாதே. எனக்கு இது இருக்கட்டும்.

சாயங்காலமானால் நாற்காலியை வாசலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். மணி அடித்தால் எனக்குக் கேட்காது என்று அவருக்குத் தெரியும், சுற்றிக்கொண்டு எதிரேதான் வருவார்.

உன் அக்கா,
மங்களம்